ஆளுக்கொரு உப்பு

இன்று மதியம் வாங்கிய சோற்றுப் பார்சலில் பருப்புக்கு உப்பே இல்லை. வாயில் வைத்ததும் உன் ஞாபகம் வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது. நாம் ஜெயித்த கதையை உனக்கு இன்னும் சொல்லவில்லை.

மாத்தளையில் அந்த மாடியறையில் நாமிருவரும் கல்யாண வரன் தேடும் இணையத்தளம் கட்டினோமே. கடவுச்சொற்களை அப்படியே வைக்காமல், யாரும் திருப்பிப் படிக்க முடியாதபடி அரைத்துத்தான் வைத்திருந்தேன். அரைக்குமுன் கூடவே சேர்க்கும் எழுத்துத் துணுக்குக்கு நம் தொழிலில் உப்பு என்று பெயர். நான் எல்லாருக்கும் ஒரே உப்பைப் போட்டிருந்தேன். நீ பட்டியலைத் திறந்தாய். முன்பதிவு செய்தவர்களில் பதினேழு பேருக்கு அரைத்து வந்த வரி அச்சொட்டாக ஒன்றே; அதாவது பதினேழு பேருக்கும் ஒரே கடவுச்சொல். 'kalyanam' என்று அடித்துப் பார்த்தாய். பொருந்திவிட்டது.

"ஒன்னு தெரிஞ்சா பதினேழும் தொறந்துரும்டி! கந்தூரி விருந்துக்கா ஆக்குற, ஊருக்கே ஒரே சட்டியில? ஆளுக்கொரு உப்பு போடு."

திறப்பு விழா நெருங்கிவிட்டது என்று நான் குதித்தேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆளுக்குத் தனி உப்பு போட்டாய், அரைப்பதை மெதுவாக்கினாய், லேசான சொற்களைத் தடுத்தாய், எல்லாரையும் புதிதாகக் கடவுச்சொல் வைக்கச் சொன்னாய். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் எவனோ நம் கடவுச்சொல் பட்டியலைக் களவெடுத்துவிட்டான். எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். முதலில் அழைத்தவள் நாவுலயிலிருந்து ஒரு பெண். அடிக்கும் கணவனை விட்டு வந்தவள். புது முகவரியை அவளுடைய கணக்கில் எழுதியிருந்தாள். "அக்கா, நான் இருக்கிற எடம் அவனுக்குத் தெரிஞ்சா என்னைய உயிரோட விட மாட்டான்."

 ஆனால் உன் வேலையால் களவெடுத்தவன் ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாக, ஆமை வேகத்தில்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. அதற்குள் பழைய கடவுச்சொற்கள் அத்தனையையும் முடக்கினேன். உள்நுழைவுப் பதிவுகளை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு கணக்கில்கூட அந்நியன் நுழையவில்லை! நான் போட்ட கூச்சலில் கீழ்க்கடைக்கார நானா படியேறி ஓடிவந்தார்.

அவளிடம் சொன்னதும் அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா."

"நான் செஞ்சிருந்தா மாட்டியிருப்போம்மா. இது என் கூட்டாளி செஞ்சது."

"அவங்க பேர் சொல்லுங்க, முத்துமாரியம்மன் கோயில்ல அர்ச்சனை வைக்கிறேன்."

பெயரைச் சொன்னேன்; நீ இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. முஸ்லிம் பெயரைக் கேட்டுச் சற்றுத் தயங்கினாள். "ஐயர் நட்சத்திரம் கேட்டா என்னக்கா சொல்றது?"

"ஜெயிச்ச நட்சத்திரம்னு சொல்லும்மா."

அப்படியே சொன்னாளாம். இப்போது நம் தளத்தை யார் புகழ்ந்தாலும் முதலில் உன் பெயரைத்தான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.