வயர்மேல் வைத்த மரச்சட்டம்

செவ்வாய், இரவு. புதுப்பட்டினம்.

வீட்டில் புது எலெக்ட்ரிக் காரை நிறுத்த இடமில்லை. எதிர்ச்சுவர் ஓரமாக நிறுத்தி, சந்தின் குறுக்கே வயர் இழுத்து சார்ஜ் போடுகிறேன். யாரும் தடுக்கி விழக்கூடாதென்று வயர்மேல் மரச்சட்டம் வைத்திருந்தேன்.

கடைசி வீட்டு அந்தோணி அண்ணன் தினமும் சாயங்காலம் சக்கர நாற்காலியில் டீக்கடைக்குப் போவார். நாலு நாளாக ஆளைக் காணோம். உடம்பு சரியில்லையோ என்று இன்று போய்க் கேட்டேன்.

"உடம்பு நல்லாத்தான் கீது தம்பி. அந்தக் கட்டைமேல சக்கரம் ஏற மாட்டேங்குது."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாண்ணே?"

"ஆசையா புது வண்டி வாங்கிக்கீற. இன்னான்னு சொல்றது?"

வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய் எல்லாவற்றையும் எடுத்தேன். இனி தினமும் அவர் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபிறகுதான் வயர் இழுப்பேன். நானே அவரை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு டீ குடித்தும் அவருக்குக் கிளம்ப மனமில்லை.