கழுத்து உடையாத குப்பி

சிஸ்டரக்கா,

சாரல் தொடங்கிவிட்டதே என்று காலையில் கம்பளித் துண்டைத் தேடிப் பெட்டியைக் குடைந்தேன். துண்டு கிடைக்கவில்லை. பழைய தீப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் அந்தத் தவிட்டு நிறக் கண்ணாடிக் குப்பி. சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மருந்து இன்னும் உள்ளே ஆடுகிறது. பக்கத்தில் உங்கள் சின்ன அரம்.

நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி போன மாதம்தான் உங்கள் ஊர் கடையத்திலிருந்து வந்தது. நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதுகூட முழுசாகப் படிக்காதவளுக்குக் கடிதம் என்ன கடிதம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்.

தென்காசியில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் நீங்கள் பகல் சிஸ்டர், நான் கூட்டித் துடைக்கிற ஆயா. வெறும் சிஸ்டர் என்றால் எட்ட நிற்பது போலிருந்தது, அக்கா என்றால் டாக்டரம்மா முறைத்தார். இரண்டையும் ஒட்டவைத்து நான் கூப்பிட, நீங்களும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டீர்கள். மருந்துக் குப்பியின் கழுத்தை அறுக்கிற அரத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் நடப்பீர்கள்.

"ஊர்ல பொம்பளைய கொண்டையில பூ வப்பாவ, நீங்க அரம் வச்சிருக்கிய. இதப் பாத்தா எந்த மாப்பிள்ளை வருவான்?"

"வாரவன் கழுத்தையும் அறுத்துப் பாத்துட்டுத்தான் கட்டுவேன். நீ போயி வெந்நி வையிட்டி."

பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தொடையில் வைட்டமின் கே ஊசி போடுவீர்கள். அழுகிற பிள்ளையை இன்னும் அழவிடுவானேன் என்று ஒருநாள் கேட்டேன். "பச்சப்புள்ள ரத்தத்துக்கு உறையத் தெரியாதுட்டி. அதுக்கான சத்து தாய்ட்ட இருந்து கொஞ்சம்தான் வரும். குடல் பழகி அதுவா உண்டாக்க நாளாகும். அதுவரைக்கும் இந்த ஊசிதான் காவல். குறைமாசப் புள்ளைக்கு வேற ஒண்ணுமே கிடையாது" என்றீர்கள். எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று இப்போது சொல்ல முடியாது.

அந்த வருஷச் சாரலில், குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தவருக்கு எட்டாம் மாதமே ஆண்பிள்ளை பிறந்தது. கை வெண்டைப் பிஞ்சு மாதிரி. நீங்கள் ஊசியோடு போனபோது பிள்ளையின் அத்தை குறுக்கே நின்றாள். "சேனை வைக்காம புள்ள உடம்புல ஒண்ணும் ஏறக் கூடாது." முதன்முதலில் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் அல்லவா? அவர்களுக்குப் பட்டாளத்து மாமா பண்பொழியிலிருந்து வந்தே ஆக வேண்டும். டாக்டரம்மா ஊரில் இல்லை. மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வேலை நேரம் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது குப்பியை என் கையில் வைத்தீர்கள். சாயங்கால சிஸ்டர் மழையில் மாட்டி இன்னும் வந்திருக்கவில்லை.

"அவ வந்ததும் கையில குடு. சேனை வச்ச உடனே போடணும். மறந்துராதட்டி."

"மாமா வாரதுக்குள்ள புள்ளைக்கே மீசை முளைச்சிரும். நீங்க போங்க."

மாமா வந்தார். சேனை வைத்தார். பிள்ளை மூஞ்சியைச் சுளித்தது. "ஏலே மருமவனே, பட்டாளத்துல அழக் கூடாதுலே" என்றார். நான் அவர் மாதிரியே விறைத்து நின்று சல்யூட் அடித்துக் காட்ட, தாய்க்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பிள்ளை உறங்கிவிட்டது. "இம்புட்டுப் பிஞ்சப் போயி குத்தணுமா? விடுட்டி, உறங்கட்டும்" என்றாள் அத்தை. குப்பி என் மடியில் இருந்தது. அதற்குள் வந்துவிட்ட சாயங்கால சிஸ்டர் அடுத்த அறையில்தான் இருந்தது. நான் போகவில்லை. மறக்கவில்லை அக்கா, இரக்கப்பட்டேன்.

மறுநாள் காலை, "ஊசி போட்டாச்சாட்டி?" என்று கேட்டீர்கள்.

"போடாம? பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாச்சு."

சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினீர்கள்.

மூன்றாம் நாள் தொப்புள் துணியில் ஒரு பொட்டு அளவு சிவப்பு. மாற்றினேன். மறுபடியும் நனைந்தது. உங்களைக் கூப்பிட்டேன். "ஊசி போட்ட புள்ளைக்கு இப்படி வராதே. அப்ப இது கிருமியாத்தான் இருக்கும். குறைமாசப் புள்ள ரத்தத்துல கிருமிய எதுக்கிற சத்து கம்மி" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு வேறு மருந்தை எடுத்தீர்கள். நான் வாளியோடு நின்றேன். போடவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு மணி நேரம் போனது. பிறகு மூக்கிலும் ரத்தம் வந்தது. டாக்டரம்மா ஓடிவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கே ஊசியையும் போட்டு, காரில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். பிள்ளை உயிர் ஆலங்குளம் தாண்டவில்லை.

விசாரணையில் சாயங்கால சிஸ்டர், "எங்கிட்ட யாரும் ஒண்ணும் தரலை" என்றது. டாக்டரம்மா நோட்டை உங்கள் முன்னால் தள்ளினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஊரையே கிண்டலடிக்கிற வாய் எனக்கு. அன்றைக்குப் பார்த்து அதற்கு என்ன வந்தது?

"எழுதினது நான்தான், டாக்டர்" என்றீர்கள்.

வேலை போய்விட்டது. பையோடு வாசலுக்கு வந்தவர், கொண்டையிலிருந்து அரத்தை உருவி என்னிடம் நீட்டினீர்கள்.

"இத நீ வச்சுக்கட்டி. மருந்துதான் உங்கிட்ட இருக்கே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். வெந்நீர் வைக்கச் சொல்கிற அதே குரலில் சொன்னீர்கள். அதன் பிறகு கடையத்துக்கு நான் வரவே இல்லை. கடல் தாண்டியா இருக்கிறது? ஒரு பஸ். வந்து வாசலில் நின்றால் போதும், நீங்களே பேச்சை ஆரம்பித்திருப்பீர்கள்.

இன்றும் அதே ஆஸ்பத்திரியில்தான் கூட்டுகிறேன். கேலியும் குறையவில்லை. ஆனால் பிள்ளை பிறந்தால், உடைத்த குப்பியைக் கண்ணால் பார்க்காமல் துடைப்பத்தை எடுக்க மாட்டேன். புது சிஸ்டர்மார் என்னை சிஐடி என்கிறார்கள். நேற்று மேலகரத்துப் பெண்ணுக்குக் குறைமாதப் பிள்ளை. "போட்டாச்சு ஆயா, ஆள விடு" என்றது புது சிஸ்டர். நான் குப்பைக்கூடையில் கையைவிட்டுத் தேடினேன். கழுத்து உடைந்த குப்பி இருந்தது. விரலைக் கீறிவிட்டது. சொட்டுச் சொட்டாக வந்த ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானாக உறைந்து நின்றது.

அதைப் பார்த்தபடியே படியில் உட்கார்ந்திருந்தேன், அக்கா.