காத்திருக்கும் குழு

என்னங்க,

எனக்குக் கோபம் அதிகம் என்று மனப்பயிற்சி ஆய்வில் என் பெயரைக் கொடுத்தது நீங்கள்தான். சீட்டுக் குலுக்கியதில் நான் எட்டு வாரம் பயிற்சி இல்லாமல் காத்திருக்கும் குழுவில் விழுந்தேன். அந்த எட்டு வாரமும் நீங்கள் வேலையாக வெளியூரில் இருந்தீர்கள்.

நேற்று ஆய்வுக்காரப் பெண் என் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, பயிற்சியே எடுக்கல, கோபம், படபடப்பெல்லாம் போயிடுச்சே! வீட்ல என்ன மாறுச்சு?"

"வாசல்ல அவர் செருப்புச் சத்தம் கேக்கல. அப்படியே எழுதிக்கோ" என்றேன். எழுதினாள்.

அடுத்தது பயிற்சிக்கு என் முறையாம். எனக்கெதற்கு? அந்த இடத்தை உங்களுக்குக் கேட்டு வாங்கிவிட்டேன். முடித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம். அதுவரை உங்கள் அண்ணன் வீடுதான். உங்கள் பெட்டி காலையிலேயே அங்கே போய்விட்டது.

இப்படிக்கு,
நன்றாகத் தூங்கி எழுந்தவள்