பொங்காத வீட்டுக்கு முதல் மட்டை

கோயில் மணியைக் கிணற்றுக்குள்ளிருந்து தூக்கி எடுத்த வருஷம் அது. ஊரில் ஆளில்லாத காலத்தில் காட்டோடு போய்விட்ட மாடுகளைப் பிடித்துக் கட்டப் போய், புளியங்கூடல் ஆம்பிளைகள் முட்டு வாங்கிக்கொண்டு திரிந்ததும் அந்த வருஷம்தான். அதன் இலக்கம் எனக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது வேறு கை. ஆனால் அந்தத் தைப்பொங்கலன்று உம்முடைய முகம் இருந்த இருப்பு எனக்கு இன்றைக்கும் தெரியும்.

இன்று காலை குசினியில் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். மா வெந்து அந்த வாசனை எழும்ப, நீர், நான் தாலி கட்டின மனிசி, பின்னால் நின்று "இஞ்சாருங்கோ, கட்டி பிடிக்குது, கிண்டுங்கோ" என்று சொல்வதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கிண்டினேன்.

சண்டைக்கு ஊரை விட்டு ஓடின நாங்கள் திரும்பி வந்த காலத்தில் பொங்கல் வாழ்த்து மட்டை வாங்கக் கடை இல்லை. வீடு திருத்த வந்த சீமெந்துப் பைகளின் உள்தாளைத் தட்டி, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அம்மிக்கு அடியில் வைத்து மட்டையாக்குவது என்னுடைய வேலை. வைக்கோல், மஞ்சள், செங்கல் தூள், சாயம் போட்ட ஓலைக்கீற்று, இதெல்லாம் உம்முடைய விறாந்தையில் குந்தியிருந்த ஊர்ப் பிள்ளைகளின் பாடு. பிள்ளை இல்லாத வீடு என்று வெளியில் நின்று யாரும் சொல்லிவிட முடியாத சத்தம். ஒருநாள் நானும் ஒரு சூரியன் கீறினேன். "மாமா, உங்கட சூரியன் கருகின தோசை மாதிரிக் கிடக்கு" என்றான் ஒரு பொடியன். நீர் என் பக்கம் கதைத்தீர்: "கீறத்தான் தெரியாது. ஆனால் எங்கட வீட்டில எழுத்துப் பிழை விடாத ஒரே ஆள் இவர்தான்." பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின ஆவணியில் முன்வீட்டுப் பரமேஸ்வரியின் புருஷன் செத்துப்போனான். அவளுக்கு ஒரு சின்ன மகள். ஆண்டுத்திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. அது எங்கள் ஊர் முறை. பிள்ளை வேலிக்கிடையால் எங்கள் விறாந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வர விடமாட்டார்கள். பொங்கலுக்கு முதல்நாள் விறாந்தைப் பிள்ளைகள் ஒருவரையும் கேளாமல் ஒரு மட்டையை வேலிக்குள்ளால் அவளிடம் தள்ளிவிட்டார்கள். பொங்கி வழிகிற பானை கீறிய மட்டை.

பின்னேரம் செத்தவனின் தமையன் சின்னத்துரை எங்கள் படலையில் வந்து நின்றார். தெற்கில் கடை வைத்திருந்தவர். அவர் சொன்னால் ஊரில் மறுசொல் இல்லை. மட்டையைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்திருந்தார். "துக்க வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்தோ? உம்மட மனிசிக்கு முறை தெரியாதோ?" என்று என்னைத்தான் கேட்டார், உம்மைப் பார்க்கவில்லை.

அறியாப் பிள்ளைகள் செய்த வேலை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீர் முந்திவிட்டீர்.

"நான்தான் குடுக்கச் சொன்னனான், அண்ணை. துக்க வீட்டில பொங்கக்கூடாது எண்டுதான் முறை. அந்தப் பிள்ளையை ஒருத்தரும் நினைக்கக்கூடாது எண்டு முறை இல்லை."

இனி இந்தப் படலைக்குள் ஒரு பிள்ளையும் வராது, பார்ப்போம் என்று மட்டையை நிலத்தில் போட்டார் அவர்.

"பாப்பம்" என்றீர் நீரும். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அடுத்தநாள் விடிய, எல்லா முற்றத்திலும் பானை பொங்குகிற நேரமாகப் பார்த்து, அதே மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையின் நடுவால் நடந்தீர். நான் பின்னால் வந்தனான். பரமேஸ்வரி வாசலில் நின்றாள். நீர் அவளிடம் கொடுக்கவில்லை; அவளுக்குப் பின்னால் மறைந்து நின்ற பிள்ளையின் கையில் கொடுத்தீர். பிள்ளை பானையின்மேல் விரலை வைத்தது. "சுடும். ஆறட்டும்" என்றீர். தகப்பன் போனபிறகு அந்தப் பிள்ளை சிரித்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

இந்த இடத்தில் எழுதுகிற கை நிற்கிறது. எழுது பிள்ளை என்கிறேன்.

அடுத்த வருஷம் சின்னத்துரை சொன்னதுபோல் விறாந்தை வெறிச்சோடித்தான் கிடந்தது. வந்தது அந்தப் பிள்ளை மட்டும். அது போதும் என்றீர். அன்றைக்குப் போட்டீர் ஒரு முறை: முதல் மட்டை அந்த வருஷம் பொங்காத வீட்டுக்கு. பிறகு ஒவ்வொன்றாக எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். சின்னத்துரையின் மனைவி செத்த வருஷம் முதல் மட்டை அவருக்கே போனது. அவர் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

இந்த ஐப்பசியில் நீர் போய்விட்டீர். உம்முடைய தம்பி வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தார். "அத்தான், இந்த வருஷம் மட்டையை விடுங்கோ. அக்காவின்ர ஆண்டுத்திவசம் முடியட்டும். சனம் கதைக்கும்." சனத்துக்கு வாய் இருக்கு, எனக்குப் பசை இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இன்றைக்குப் படலையைத் திறந்து வைத்துவிட்டு விறாந்தையில் இருந்தேன். ஒழுங்கையில் பிள்ளைகள் நின்றார்கள். துக்க வீடு என்று தாய்மார் அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்போது முன்வீட்டிலிருந்து ஒருத்தி தன்னுடைய பிள்ளைகள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க உள்ளே வந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். நான் பொங்கப் போவதில்லை. அந்த முறையை மீறவில்லை. பசையைத்தான் இறக்கி வைத்தேன்.

அவளுடைய கடைசிதான் கேட்டது: "அப்பு, இந்தமுறை முதல் மட்டை ஆருக்கு?"

நான் பசையைக் கிண்டினேன். தாய்தான் சொன்னாள்: "இந்த வீட்டுக்கு."

மட்டை இப்போது அலுமாரிக்கு மேலே நிற்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதில் கீறியிருந்த பானையின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். அடுத்த தையும் பசை காய்ச்சுவேன். கூடாது என்று யாராவது படலையில் வந்து நின்றால் உம்முடைய "பாப்பம்" என்னிடம் இருக்கிறது.

படலையில் நின்று ஏசினவர் போய்விட்டார். பரமேஸ்வரி போய்விட்டாள். நீரும் போய்விட்டீர். அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களில் என்னை விட்டால் இருப்பது ஒருத்திதான். தன் பெயரைத் தானே எழுதமாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டாள்.

எழுது பிள்ளை. வதனி.