கண்ணாடி ஓரத்துப் பொட்டுகள்

அன்றைக்கு உங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள் அக்கா. நீங்கள். உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு மலர். குழந்தைகள் நலக் குழுவிலிருந்து விசாரிக்க வந்த புவனா மேடம். புகார் எழுதிப்போட்ட மாடிவீட்டுப் பார்த்தசாரதி. ஜன்னலோரம் நான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் என் மகன் சேகர். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது.

இன்று காலை உங்கள் பீரோக் கண்ணாடியைத் துடைத்தேன். நீங்கள் கண்ணை மூடியபின் உங்கள் தம்பி எனக்கென்று விட்டுப்போன பீரோ. கண்ணாடி ஓரத்தில் மலர் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. துணி கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. அதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்தேன்.

பொட்டே வைக்காத நெற்றி உங்களுடையது. தாயில்லாத அந்தப் பெண்ணை வளர்ப்புக்கு வாங்கி வந்ததும், கடையில் நின்று அவளுக்குப் பொட்டு அட்டை பொறுக்கினீர்கள். "அவ சாமி அவளுக்கு. நான் வளக்கத்தான் கூட்டிட்டு வந்தேன், மாத்துறதுக்கு இல்ல" என்பீர்கள். வெள்ளிக்கிழமை அவளை என்னோடு கோயிலுக்கு அனுப்புவீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சர்ச்சுக்குப் போவீர்கள். கொஞ்ச காலம் போனால் தத்தாகவே கேட்கலாம் என்று காத்திருந்தீர்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் கேட்டருகே மலருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மாடியிலிருந்து அதைப் பார்த்த பார்த்தசாரதி, பிள்ளையை மதம் மாற்றுகிறார்கள் என்று எழுதிப்போட்டார்.

விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும், காலனி சங்கச் செயலாளர் என்ற தோரணையில் சேகர் உங்களிடம் வந்தான். நானும் கூட நின்றேன். "ஆன்ட்டி, ஹால்ல இருக்கற இயேசு படத்த ஒரு நாளைக்குக் கழட்டி வெச்சிருங்க. எதுக்குப் பிரச்சனை?" உங்களுக்கு மனசே இல்லை. பிள்ளைக்காகக் கழற்றினீர்கள்.

படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாகத் தனி நிறத்தில் தெரிந்தது. இங்கே என்ன இருந்தது என்று மேடம் கேட்டார். மலர் ஓடிப்போய்க் கட்டிலுக்கடியிலிருந்து படத்தை இழுத்து வந்து, பாவாடையால் துடைத்து அவரிடம் நீட்டினாள். உதவி செய்கிற நினைப்பு அதற்கு.

மேடம் குரல் உயரவில்லை. "படம் இருந்தா தப்பே இல்லம்மா. உங்க சாமிய நீங்க கும்பிடலாம், பிள்ளையோட சாமிய மாத்தக் கூடாது. சட்டம் அவ்வளவுதான் சொல்லுது. ஆனா ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, இன்னும் எதெல்லாம் ஒளிச்சிருக்கீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நீங்கள் சேகரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் விடுவேனா? கழற்றச் சொன்னது இவன்தான் என்றேன். உள்ளே வந்து கண்ணாடியைப் பாருங்கள், ஓரமெல்லாம் பிள்ளையின் பொட்டு என்றேன். மேடம் எழுந்தேவிட்டார். அப்போதுதான் சேகர் சிரித்தான்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு மேடம். ஞாபகமே இல்ல, எதையாவது சொல்லிட்டிருப்பாங்க."

மேடம் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை முடியும்வரை என்று சொல்லி மலரைச் செங்கல்பட்டு இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். பிறகு வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் படத்தைத் திரும்ப மாட்டினீர்கள். சாப்பாடுதான் இறங்கவில்லை.

பார்த்தசாரதியை மன்னித்தாயிற்று. கால் ஒடிந்து கிடந்தபோது ரசம்கூடக் கொடுத்தனுப்பினேன், உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு. மேடத்தின் மேலும் கோபமில்லை. கண்ணில் பட்டதை வைத்துத்தானே அவர் முடிவு செய்ய முடியும்?

கண்ணாடியை நடுவில் மட்டும் துடைத்தேன், ஓரத்தைத் தொடவில்லை. காபியோடு வந்து நின்றவன், "இன்னும் அதையே நெனச்சிட்டிருக்கியாம்மா?" என்கிறான். ஞாபகமே இல்லாதவளிடம் கேட்கிற கேள்வியா இது? காபியை வாங்கிக் குடித்தேன். மன்னிக்க மாட்டேன் அக்கா, என் வயிற்றில் பிறந்த சேகரை.