ஜடை கழற்றாத படம்

அன்பு மகள் உமாதேவிக்கு, கேமரன் மலை ரிங்லெட்டிலிருந்து அப்பா எழுதுவது. அம்மா சுகம், இடுப்பைத் தவிர நானும் சுகம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இடுப்புக்கு என்ன வந்தது என்பதை, ஊரார் சொல்லிச் சிரிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஹாஜா மைதீன் கடையில் அத்தனை பேர் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருக்க, கைலியை மடித்துக் கட்டி முழங்காலை மடக்கி, நீ பரதத்தில் போடுவாயே, அந்த அரைமண்டி போட்டுக் காட்டினேன். போட்டேன், எழ முடியவில்லை. ஹாஜாவும் ரொட்டி வீசுகிறவரும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினார்கள்.

எல்லாம் ஓவிய வாத்தியார் திருமாறனால் வந்த வினை. போன மாதம் உன் பழைய திருவிழா ஃபோட்டோ ஒன்றைப் பார்த்து உன்னை வரைந்து அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறான், பெற்றவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடுகிற மாதிரியாவது வரைந்தானா, மேடைக்குப் பின்னால் நீ சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறாய். நம் தோட்டத்து லயத்துக் காளியம்மா அதைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிச்சு லா, மூஞ்சியப் பாரு, இனிமே இந்தப் பொண்ணு ஆடாது" என்றாள். அதோடு விட்டாளா, மாப்பிள்ளை உன்னை ஆட விடுவதில்லை என்று கோலா தெர்லா வரைக்கும் பரப்பிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தே தாரிக் டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. ஆட்டம் முடிந்தால் முதலில் கழற்றுவது வைத்துக் கட்டிய அலங்கார ஜடையைத்தான், அந்தக் கனம் தலையைப் பின்னுக்கு இழுக்கும், பன்னிரண்டு வருஷம் உன் நகைப்பெட்டியைச் சுமந்த எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். படத்தில் ஜடையும் இருக்கிறது, பூவும் இருக்கிறது, அப்படியென்றால் இது நடு ஓய்வு, கடைசி உருப்படி தில்லானா இன்னும் பாக்கி. ஹாஜா சமாதானமாக இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அண்ணே என்றார், அவர்மேலும் கோபம் வந்தது. ஆட்டத்துக்கு நடுவில் ஓய்வாக உட்கார்ந்தால் ஒரு பெண் எவ்வளவு களைத்திருப்பாள் என்று நிரூபிக்கத்தான் அந்த அரைமண்டி.

உன்மேலும் கோபம்தான். ஃபோனில் ஆடுகிறாயா என்று கேட்டால் குளிரைப் பற்றிப் பேசுகிறாய், கேமரன்காரனிடமே குளிர் விற்கிறாய். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளை தடுத்தால் எழுது, இடுப்பு நிமிர்ந்ததும் விமானம் ஏறுகிறேன். நீயாக விட்டிருந்தாலும் எழுது, திட்டமாட்டேன், கொஞ்சம்தான் திட்டுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பேசு. இருவரும் நிறைந்த ஆயுசோடு, மனம் கோணாமல் வாழ வேண்டும்.

உன் அப்பா,
தங்கையா

பி.கு. கடிதத்துக்கு உறை தேடி உன் அலமாரியைத் திறந்தேன். பெர்த்துக்குக் கொண்டுபோயிருப்பாய் என்று நான் நினைத்த சலங்கை இரண்டும் இங்கேதான் இருக்கின்றன, பழைய புடவைத் துணியில் சுற்றி, நீ போடுகிற இரட்டை முடிச்சோடு.