மிளகைத் தவிர வேறென்ன இருக்கிறது

இன்று காலை பஜார் ரோட்டில் நம் கிடங்கைத் திறந்ததும் குடம்புளியின் புகைவாடை முகத்தில் அடித்தது. அங்கே குடம்புளி அடுக்கி வருஷங்கள் ஆகின்றன. மழையில் சுவர் ஊறினால் பழைய வாடை வெளியே வரும் போலிருக்கிறது. கட்டடக்காரர்கள் இடத்தை ஒழித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். புதிதாக வாடகைக்கு எடுக்கப் பார்க்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் போன பிறகு ஒரு காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

தோழிகள் நாம் இருவரும் வேலையை விட்டு ஏற்றுமதியில் இறங்கியபோது, கொச்சி மட்டாஞ்சேரியில் நம் தமிழ்க் குடும்பங்கள் சிரித்தன. "மிளகை ஊரெல்லாம் அனுப்பறது. நாம வேற ஏதாவது பார்க்கலாம்" என்றாய். பஸ்ஸில் மலையேறி அலைந்தோம். குடம்புளி, எலுமிச்சைப் புல்தைலம், ஜாதிபத்திரி, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் வந்து சேர்ந்தன. பலாக்கொட்டை மாவு முழுக்க உன் யோசனை. மரத்தடியில் அழுகிக் கிடந்த கொட்டைகளை, அக்கா முறையில் நாம் ‘இத்தாத்தா’ என்று கூப்பிடும் சுபைதாத்தாவும் அவளோடு வேலைக்கு வந்த பெண்களும் காயவைத்து, தோலுரித்து, அரைத்துக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் ரொட்டி சுடுகிற ஒருவர் மாதிரிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இருப்பதை எல்லாம் அனுப்பச் சொன்னார். அன்றைக்கு நீ எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தாய்.

நம் சரக்கைத் துறைமுகத்தில் ஏற்றிவிடும் ஏஜென்ட் ஜோஸ் சேட்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"மிளகுன்னா பிரச்சினை இல்ல, மோளே. எந்த மேஜைக்கு எவ்வளவு கொடுக்கணும்னு பண்டே, எப்பவோ முடிவானது. இந்த மாவு எந்த இனத்துல சேரும்னு அவங்கதான் தீர்மானிக்கணும். அந்தத் தீர்மானத்துக்குத்தான் விலை."

நீ நம்பவில்லை. வெலிங்டன் தீவுச் சுங்க அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அதிகாரி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புதிய ஐட்டம் அல்லே? சமயம் எடுக்கும்."

"எவ்வளவு சமயம் சார்?"

"அது உங்களைப் பொறுத்து."

"எங்களைப் பொறுத்தவரை எல்லாப் பேப்பரும் சரியா இருக்கு" என்றாய். அவர் ஃபைலை மூடி ஓரமாக வைத்தார்.

பரிசோதனைக்குப் போன மாதிரிப் பொட்டலம் திரும்பவே இல்லை. மழைக்காலம் முழுக்கச் சரக்கு துறைமுகத்தில் கிடந்தது. திரும்பி வந்தபோது சுபைதாத்தா ஒரு மூட்டையைப் பிரித்தாள். மாவு கட்டி கட்டியாகப் பூத்து, வண்டு ஓடிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். ரொட்டிக்காரர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: இனிக் காத்திருக்க முடியாதாம்.

அடுத்த சரக்குக்கு நீயே மேஜையில் பணத்தை வைத்துக் கொடுத்தாய். ஆனால் கொடுத்தும் தீரவில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார், வந்தவர் முதலிலிருந்து தொடங்கினார். தைலம் வாசனைப் பொருளா, மருந்தா? மஞ்சள் தின்பதா, பூசுவதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கை நீண்டது. பெரிய கம்பெனிகள் மிளகில் அதைத் தாங்கும். நம்முடைய சிறிய சிறிய சரக்குகளால் எப்படித் தாங்க முடியும்? நீ மேலே புகார் கொடுத்தாய். அதற்குப் பிறகு நம் சாக்கு ஒன்றுகூடக் கிழிபடாமல் கப்பலேறவில்லை.

ஒவ்வொன்றாக விட்டோம். கடைசியில் ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமல், "மிளகே போடலாம்" என்றாய். நாம் மட்டுமா? பக்கத்துக் கிடங்கில் பாக்குமட்டைத் தட்டு அனுப்பியவரும், எதிரே வாழைநார்ப் பை அனுப்பியவரும் மிளகுக்கே வந்தார்கள். தெருவே ஒரே சரக்கைக் கட்டிக்கொண்டு நின்றது.

பிறகு அதே மேஜைகளின் வழியாக வெளிநாட்டு மட்ட மிளகு உள்ளே வந்தது. அதை நம்மூர் மிளகோடு கலந்து, நம்மூர்ப் பெயரில் யார் யாரோ வெளியே அனுப்பினார்கள். வாங்கியவர்கள் கண்டுபிடித்ததும் கொச்சி மிளகு என்றாலே கதவை அடைத்தார்கள். கலக்காத நம் மிளகும் திரும்பி வந்தது. தெருவில் யாரிடமும் விற்க வேறு பொருள் இல்லை. எல்லாரும் ஒன்றாக விழுந்தோம்.

அந்த வாரம்தான் உனக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நாக்கு புரளாமல் என் கையைப் பிடித்தாய். "சுபைதாத்தா... அவங்கல்லாம்... எங்க போவாங்க?"

"எல்லாருக்கும் வேலை இருக்கு. நீ தூங்கு" என்றேன். நீ நம்பவில்லை என்று உன் கண்ணிலேயே தெரிந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டாய்.

உண்மையில் யாருக்கும் வேலை இல்லை. சுபைதாத்தா இப்போது களமசேரியில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறாள். போன வாரம் வந்திருந்தாள். "அந்தச் சக்கக்குரு மாவு ஒண்ணுகூடி நோக்கலாமா, மோளே?" என்று கேட்டாள். பலாக்கொட்டை மாவை இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமாம். அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோப்பில் ஊறி வெடித்திருந்தது.

கிடங்கில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் வந்தது. துபாயிலிருந்து ஒரு வியாபாரி. பழைய கண்காட்சி ஒன்றில் உன் பேச்சைக் கேட்டிருக்கிறாராம், இப்போதுதான் கடை போடுகிறாராம். நீ இல்லை என்று சொன்னேன். வருத்தம் சொல்லிவிட்டு, "மிளகு வேண்டாம். உங்களிடம் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

நீ மூச்சு விடாமல் சொல்லும் அத்தனை பெயரும் எனக்கு மனப்பாடம். எந்த மலையில் எது, எந்த மாதத்தில் காயும், யார் கையால் அரைத்தால் நைசாக வரும், எல்லாம் தெரியும். அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதே மேஜைகளின் வழியாக அனுப்ப வேண்டுமே.